கத்துன வண்டியும் ஒரு கோயி எறகும்

கேக்கறதுக்கு வேற ஒண்ணியும் கெடக்கலியா உனுக்கு? காலங்காத்தால வந்து குந்திகினு, "ஆயா, உங்க லோடு வண்டி அந்தக் கத்து கத்திகினு இருந்துச்சே, எப்டி நின்னுச்சி"ன்னு கேக்கற. அடுத்த வூட்டு வண்டி கத்துனா உனுக்கு இன்னா, கத்தாங்காட்டி உனுக்கு இன்னா? உங்க வூட்ல மிக்சி போட்டா நாலு தெருவுக்குக் கேக்குது. நான் ஒரு நாளாச்சும் வந்து ஏன்டின்னு கேட்ருக்கேனா? அடுப்புல பால வெச்சிட்டு வந்திருப்ப, போயி எறக்கிட்டு வா. போவமாட்டியா? சரி, பொங்குனா பொங்கட்டும், உன் பாலு. குந்து. ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன், நடுவுல நடுவுல "அப்பறம், அப்பறம்"னு நோண்டக் கூடாது. அப்பறம் வரவேண்டியது அப்பறமாதான் வரும்.

எங்க வூட்ல வண்டி ஓட்றது என் மருமவ. உனுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். என் புள்ள கம்பெனி பஸ்ல போயி கம்பெனி பஸ்ல வர்றவன். ஸ்டேரிங்கு பக்கத்துல குந்த வெச்சாலே அவனுக்கு வேர்த்துக்கும். இவதான் லைசென்சு எடுத்து, பழய லோடு வண்டி ஒண்ணு புடிச்சி, உத்திரமேரூரு நெல்லு மண்டி பாய் கிட்ட போயி நின்னு, "உங்க மூட்டய நான் ஏத்திகினு வர்றேன்"னு கேட்டவ. அந்த பாயும் மொதல்ல சிரிச்சாராம். அப்பால ஒரு லோடு குடுத்துப் பாத்தாரு. அப்பால இன்னொண்ணு. அப்டியே அறுப்பு சீசனுக்கு அவரு மண்டி நெல்லு பாதிக்கு மேல எங்க வண்டிலதான் ஏறும்னு ஆயிடுச்சி. எங்க அடுப்பு எரியறது அந்த வண்டிலதான். அத மனசுல வெச்சிகினு மேல கேளு.

ஒரு நாளு வண்டி ஸ்டாட்டு ஆவல. டைனமோ வேல செய்யல, பேட்ரில கரன்டு ஏறலன்னாங்க. டவுன்லேந்து ஒருத்தன் வந்து, நம்ம வாசல்லியே டைனமோவக் கய்ட்டி, எடுத்துகினு போயி, ரிப்பேரு பண்ணி எடுத்தாந்து மாட்டிட்டுப் போனான். நல்ல பையன்தான், ரெண்டு தபா மோரு வாங்கிக் குடிச்சான். மறுநாளு வண்டிய எடுத்தா, முன்னாடி பக்கத்துலேந்து கீச், கீச், கீச். கோயிக்குஞ்சு ஒண்ணு பானட்டுக்குள்ள மாட்டிகிச்சின்னு நெனச்சி நான் ஓடிப் போயி பாத்தேன். குஞ்சும் இல்ல ஒண்ணியும் இல்ல.

மருமவ சொன்னா, "அத்த, அது பெல்ட்டு சத்தம்."

இஞ்சினுக்கு முன்னாடி மூணு உருள கீது. புல்லின்றாங்க. ஒண்ணு இஞ்சினோடது, ஒண்ணு தண்ணி பம்போடது, ஒண்ணு அந்த டைனமோவோடது. மூணத்தயும் சுத்தி ரப்பரு பட்ட ஒண்ணு ஓடுது. இஞ்சினு சுத்தனா பட்ட மத்த ரெண்டயும் சேத்து சுத்தும். பட்ட அறுந்துச்சின்னா தண்ணி ஓடாது, இஞ்சினு கொதிச்சிப் போவும், வண்டி நட்ட நடு ரோட்ல நிக்கும். அவ்ளோதான் விசயம். இதுக்கு மேல எனக்கும் தெரியாது, உனுக்கும் தேவயில்ல.

சரி, குஞ்சு சத்தம்தானேன்னு வுட்டோம். ஒரு ரெண்டு மூணு நாளு போச்சி. அப்பால அது குஞ்சு இல்ல, பன்னி. காலீல எடுக்கும்போது பாத்தா கம்முனு கீது. அட, நின்னுடுச்சேன்னு நாம சந்தோசப்பட்டா, ஏரிக்கர மேல ஏறும்போது கீஈஈன்னு ஒரே இழுப்பு. பெருநகர்ல கீற என் தங்கச்சி போன் போட்டு, "இன்னாக்கா, உங்க ஊரு பக்கம் இன்னாமோ சத்தம் கேக்குது"ன்னா. அவளுக்கு கேட்ருக்காது, எவளோ சொல்லிகீறா. இருந்தாலும் எனக்கு மானம் போச்சி.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. கண்ணு பட்டுச்சின்னாங்க, எலுமிச்சம்பயமும் மொளகாயும் கட்டுனோம். கத்திச்சி. பூசணிக்கா சுத்தி ஒடச்சோம். கத்திச்சி. மெக்கானிக்கு கிட்ட போனா பெல்ட்டு தொளதொளன்னு கீது, இறுக்கணும்னான். இறுக்குனான். ரெண்டு நாளுல மறுபடியும் பன்னி. இன்னொரு தபா போனா, "இதுக்கு மேல இறுக்குனா டைனமோவோட பேரிங்கு போயிடும்மா"ன்னு கையெடுத்துக் கும்புட்டான்.

இப்பதான் பாய் வாயத் தொறந்தாரு. செவ்வாக்கெயம மருமவ மூட்ட எறக்கிட்டுக் கெளம்பறா, பின்னாடியே வந்து நின்னாராம். கத்தல, திட்டல. அவரு அப்டிப்பட்ட ஆளு இல்ல.

"அம்மா, வெள்ளிக்கெயம தொழுகை முடிஞ்சதும் திருமுக்கூடல்ல அறுத்த நெல்ல ஏத்தணும். ஆத்தங்கர ஓரமா களத்துல கொட்டி வெச்சிகீறாங்க. மேகம் வேற கட்டிகினு கீது. நட்ட நடுவுல உன் வண்டி நின்னு, மய புடிச்சிகிச்சின்னா, நனைஞ்ச நெல்ல நான் யாருக்கு விப்பேன்? வெள்ளிக்கெயமக்குள்ள அந்த சத்தம் நின்னா நீ வா. இல்லன்னா நான் வேற வண்டிக்கு சொல்லிக்கறேன். அந்த வண்டிக்காரன் ஒரு லோடுக்கு வரமாட்டான்மா, சீசனு பூராக் கேப்பான். நீ தப்பா நெனச்சிக்காத."

வூட்டுக்கு வந்து இவ இத சொல்லும்போது கொரலு கூட ஒசரல. அன்னிக்கி நைட்டு ஷிப்ட்டுன்னு வூட்ல இருந்த எம்புள்ள மட்டும், "வித்துடலாம், வேற பாக்கலாம்"னான். இவ சாப்புட்டுகினு இருந்த தட்ட கீழ வெச்சிட்டு அவனப் பாத்தா பாரு ஒரு பார்வ. அவன் ரசத்த எடுத்து மோருல ஊத்திகினான்.

"கத்தறது ரப்பரு. அதுக்கு வாயும் இல்ல, கொணமும் இல்ல. ஏதோ ஒரு எடத்துல தப்பு கீது. அது எந்த எடம்னு பாக்காம நான் வுடப் போறதில்ல"ன்னா.

எங்க கெயவரு மூலைல கட்டில்ல சாஞ்சிகினு கம்முனு கேட்டுகினு இருந்தாரு. அவரு பேசவே இல்ல. அப்பவே எனக்கு ஒரு மாரியாத்தான் இருந்துச்சி. அந்தாளு பேசாம இருந்தா எங்கியோ ஏதோ பண்ணிகினு கீறாருன்னு அர்த்தம்.

அன்னிக்கே சாயங்காலம் புது பெல்ட்டு வாங்கி மாட்டிகினு வந்தா. வரும்போது பன்னி இல்ல, வெறும் குஞ்சு மட்டும். கீச், கீச். பானட்டு மேல காத வெச்சி கேட்டுட்டு சொன்னா, "அத்த, எனுக்கு ஒண்ணு தோணுது. இது ரெண்டு சத்தம். சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. பெல்ட்டு மாத்துனதும் பெருசு போயிடுச்சி, சின்னது கீது. ரெண்டுக்கும் ஒரே காரணம் இல்ல."

"இருக்கற ஒண்ணுக்கே வயி தெரியல, நீ வேற ரெண்டுன்ற"ன்னேன்.

மறுநாளு புதங்கெயம. காலீல வண்டி எடுத்தா கம்முனு கீது. குஞ்சு கூட இல்ல. பெட்டிக்கட வரைக்கும் போனா, பன்னி வந்துடுச்சி. ஒரே ராத்திரில புது பெல்ட்டு கெட்டுப் போவுமா? அங்கியே திருப்பிகினு வந்து வாசல்ல நிறுத்திட்டா. பொடவத் தலப்ப இஸ்து சொருவி, கொண்டைய இறுக்கி முடிஞ்சி, வளையலக் கய்ட்டி என் கையில குடுத்துட்டு பானட்டத் தொறந்தா. அந்த பானட்டு லாக்கு ஒடஞ்சி ரொம்ப நாளாச்சி, ஒரு கம்பிக் கொக்கிதான் போட்டு வெச்சிகீது. யாரு வேணும்னாலும் தொறக்கலாம். இத நெனப்புல வெச்சிக்கோ.

மொதல்ல பேரிங்கான்னு பாத்தா. வண்டிய ஓட வுட்டு, நீட்டு ஸ்க்ரூ ட்ரைவரு ஒண்ண எடுத்து, கூரு மொனைய டைனமோ ஒடம்பு மேல வெச்சி, கைப்புடிய காதுல வெச்சிகினா. டாக்டரு நெஞ்சுல வெச்சி கேக்கறாங்களே, அந்த மாரி. பேரிங்கு போயிருந்தா உள்ள கல்லு அரைக்கற மாரி கொரகொரன்னு கேக்குமாம். தண்ணி பம்புக்கும் வெச்சா. "நல்லா கீது அத்த, ரெண்டும் வழவழன்னு ஓடுது"ன்னா. நானும் காதுல வெச்சிப் பாத்தேன். எனக்கு இன்னா தெரியும், எல்லாம் ஒண்ணாதான் கேட்டுச்சி. தலைய மட்டும் ஆட்டி வெச்சேன்.

அப்பால வண்டிய நிறுத்திட்டு பெல்ட்டத் தொட்டா. கைய எடுத்துப் பாத்தா பளபளன்னு கீது. "எண்ண"ன்னா. இஞ்சினு எண்ண எங்கியோ ஒழுவி பெல்ட்டு மேல விழுதுன்னு நெனச்சா. துணி எடுத்து சுத்திலும் தொடச்சா. பழய பேப்பரு விரிச்சி வண்டிக்கு அடில போட்டு, மறுபடியும் ஓட வுட்டா. ஒரு சொட்டு விழணுமே. விழல. பேப்பரு வெள்ளையாவே கீது. அவளுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சி. நாளிக்கி ஒரு நாளுதான் பாக்கி கீது.

பேட்ரி பக்கத்துலேந்து ஒரு கோயி எறக எடுத்து வீசுனா. "எதுத்த வூட்டுக் கோயிங்க இதுக்குள்ள பூந்து மேயுதுங்க போல"ன்னு பொலம்பிகினே கை கயுவப் போனா.

நான் குனிஞ்சி அந்த எறக எடுத்தேன். சும்மாதான் எடுத்தேன். மொனையெல்லாம் ஒட்டிகினு, ஈரமா இருந்துச்சி. மோந்து பாத்தேன். வெளக்கெண்ண.

ஒரு செகண்டு கூட ஆவல, எனக்குப் புரிஞ்சிடுச்சி. எங்க வூட்ல வெளக்கெண்ண பாட்டிலு எங்க கீது? அந்தாளு கட்டிலுக்கு அடில. கால் வெடிப்புக்குன்னு சொல்லி வெச்சிகீறாரு. கோயி எறக எண்ணயில தொவச்சி தடவறது யாரு பழக்கம்? வாலிபத்துல மாட்டு வண்டி ஓட்டுன காலத்துல, தெனம் விடியறதுக்குள்ள எயுந்து, வண்டி அச்சுக்கு எறகால எண்ண போட்டுட்டுதான் மத்த வேல. எண்ண போடாத வண்டி ரோட்ல கத்திகினு போனா வண்டிக்காரனுக்கு அசிங்கம்னு அப்போ பேரு. அந்தாளு வண்டி வந்தா மாட்டு மணி மட்டுந்தான் கேக்கும்னு எங்க அப்பாரு கிட்ட சொல்லித்தான் பொண்ணு கேட்டாங்க. அத நம்பி என்னியும் குடுத்தாங்க.

மருமவ கிட்ட நான் சொல்லல. ஏன் சொல்லலன்னு கேக்காத. அவ ஒரு நாளும் மாமனாரு எதுர்ல கொரல ஒசத்துனவ இல்ல. இத சொன்னா ஒசத்துவா. ஒசத்துனா அந்தாளு சோறு திங்க மாட்டாரு. சோறு திங்கலன்னா என் உசுரதான் எடுப்பாரு. அதுக்கோசரம் எறக இடுப்புல சொருவிகினு கம்முனு இருந்துட்டேன்.

வியாயக்கெயம கோயி கூவறதுக்குள்ள எயுந்து, தண்ணி ட்ரம்முக்குப் பின்னாடி குந்திகினேன். கொசு என்ன தூக்கிகினு போவப் பாத்துச்சி. ரவ நேரத்துல கதவு சத்தமில்லாம தொறந்துச்சி. வேட்டிய மடிச்சிக் கட்டிகினு, டார்ச்ச அக்குளுல இடுக்கிகினு, காதுல ஒரு எறக சொருவிகினு வர்றாரு. ஆசாரிங்க பென்சிலு சொருவறாங்களே, அப்டி. கொக்கிய எடுத்து பானட்டத் தூக்கி, பாட்டிலத் தொறந்து, எறக முக்கறாரு.

"இன்னாய்யா, வண்டிக்கு வயிறு கட்டிகிச்சா? வெளக்கெண்ண ஊத்தறியே"ன்னேன்.

பாட்டிலு கீழ விழல. அதுதான் ஆச்சரியம். ஆளு மட்டும் அப்டியே நின்னுட்டாரு.

"நீ இன்னாமே இங்க குந்திகினுகீற"ன்னாரு.

"கொசுவுக்கு நாஷ்டா குடுத்துகினுகீறேன். நீ இன்னா பண்ற, அத சொல்லு."

"கத்துது. எண்ண போட்டா நிக்குது. நெதம் போட்டுகினுதான் கீறேன். காலீல பாரு, கம்முனு போவுது."

"ஏரிக்கரைல?"

"ஏரிக்கர வரைக்கும் எண்ண பத்தலன்னு நெனச்சி இன்னிக்கி ரவ ஜாஸ்தியா எடுத்தாந்தேன்"ன்னாரு.

எனக்கு சிரிப்பு வந்துச்சி, கோவமும் வந்துச்சி. ரெண்டயும் அடக்கிகினு, "யோவ், நம்ம கெணத்துல ராட்டினம் கத்துனா எதுக்கு எண்ண போடுவ"ன்னு கேட்டேன்.

"அச்சுக்கு."

"கயித்துக்குப் போடுவியா?"

"கயித்துக்கு எவனாச்சும் போடுவானா?"

"போட்டா?"

ரெண்டு வெரலயும் தேச்சிப் பாத்தாரு. "கை வழுக்கும்"ன்னாரு.

"கொடம் எங்க போவும்?"

"கெணத்துல."

"நீ எண்ண போட்டுகினு கீறது கயித்துக்குய்யா. அந்தப் பட்ட உருளையப் புடிச்சாத்தான் உருள சுத்தும். நீ எண்ண தடவுனா சத்தம் ரவ நேரம் அடங்கும், அப்பால பட்ட வழுக்கி வழுக்கி தேயும். அதான் அந்தப் பன்னிக் கத்து."

எறகப் பாத்தாரு. பட்டயப் பாத்தாரு. டார்ச்ச அணைச்சிட்டாரு. இருட்டுல அவரு கொரலு மட்டும் வந்துச்சி. "பாய் வேற வண்டி பாக்கறேன்னு சொன்னாராமே. அதக் கேட்டதுலேந்து கண்ணு மூடல. அவ ஒருத்தியே எவ்ளோதான் இஸ்துகினு போவா. என்னால வேற இன்னா பண்ண முடியும்? எனக்குத் தெரிஞ்ச வண்டி வேல இது ஒண்ணுதான்."

இன்னாமோ கொசு அடிச்சிகினேன்.

அப்பால அவரே சொன்னாரு. "இருந்தாலும் ஒண்ணு சொல்றேன்மே. நான் எண்ண போடறதுக்கு முன்னாடியே அது கத்திச்சி. குஞ்சு மாரி. அந்தப் பையன் டைனமோவ மாட்டிட்டுப் போன மறுநாளே. அது என் வேல இல்ல."

அது நெசந்தானே. அப்போ மருமவ சொன்ன ரெண்டு சத்தம் சரியாப் போச்சி. பெருசு இந்தக் கெயவன். சின்னது வேற எதுவோ.

"இத இப்ப அவ கிட்ட எப்டி சொல்றது"ன்னு நாங்க ரெண்டு பேரும் முயிச்சிகினு நிக்கறோம். திரும்பிப் பாத்தா அவ வாசப்படில நிக்கறா. வாயில பிரஸ்ஸு. எந்நேரமா நிக்கறாளோ. எங்க ரெண்டு பேரயும் பாத்தா. பாட்டிலப் பாத்தா. எறகப் பாத்தா. ஓரமாப் போயி வாயக் கொப்புளிச்சி துப்பிட்டு வந்து கேட்டா, "அத்த, சீயக்கா எங்க வெச்சிகீறீங்க?"

அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல. நான் அவளுக்கு மாமியாரா இருந்து இன்னா சாதிச்சேன்னு தெரியல, அந்த எடத்துல நானா இருந்தா தெருவக் கூட்டியிருப்பேன்.

எண்ண தேச்சிக் குளிச்சா சீயக்கா போட்டுத்தானே ஆவணும். இஞ்சினு ஆறிப் போயிதான் இருந்துச்சி. பெல்ட்டக் கய்ட்டுனா. டைனமோ மேல தண்ணி போவாம பிளாஸ்டிக்கு கவரு சுத்திக் கட்டுனா. நான் வெந்நீ வெச்சேன். மூணு உருளைக்கும் காடி மாரி பள்ளம் கீது பாரு, பட்ட குந்தற எடம், அதுல பழய பல்லு பிரஸ்ஸால சீயக்காயப் போட்டுத் தேய்னு கெயவரு கையில குடுத்துட்டா. "மாமா, ஒரு துளி வழவழப்பு இருக்கக் கூடாது"ன்னா. அந்தாளு அவரு மாட்டக் கூட அப்டித் தேச்சதில்ல. அப்பால சோப்புப் பொடி, அப்பால சுத்தமான தண்ணி, அப்பால காஞ்ச துணி. கூப்புட்டுக் கூப்புட்டு என் வெரல வெச்சிப் பாக்கச் சொல்றாரு. வெச்சிப் பாத்தா, கிறீச்சுன்னு புடிக்குது, கயுவுன தட்டு மாரி.

எண்ண குடிச்ச பெல்ட்டு இனிமே ஆவாது, ரப்பரு ஊறிப் போயிருக்கும்னா. மறுபடியும் கடைக்குப் போனா. "முந்தா நாளுதானம்மா ஒண்ணு வாங்குன, தின்னுட்டியா"ன்னு கடைக்காரன் கேட்டானாம். "ஆமா, வெளக்கெண்ண ஊத்தித் தின்னோம்"னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சாம். முழுங்கிகினு வந்துட்டா. நல்லவேள.

புது பெல்ட்டு மாட்டி ஸ்டாட்டு பண்ணா, பன்னி போயிடுச்சி. குஞ்சு மட்டும் கீது. கீச், கீச், கீச். மணியோ மத்தியானம் தாண்டிடுச்சி. சோறு வேணாம்னுட்டா.

போன்ல எவனோ ஒரு இந்திக்காரன் பெல்ட்டு மேல தண்ணி தெளிச்சிக் காட்டறத அவ பாத்து வெச்சிருந்தா. அவன் பேசறது அவளுக்கும் புரியாது, எனக்கும் புரியாது. கைய மட்டும் பாத்துக்கறது. தண்ணி தெளிச்சா சத்தம் ஜாஸ்தியானா பெல்ட்டு தளர்ச்சி. தண்ணி தெளிச்ச ஒடனே நின்னுட்டு, காஞ்சதும் மறுபடியும் வந்துச்சின்னா பெல்ட்டு கோணலா ஓடுது. நான் சொம்புலேந்து வெரலால தெளிச்சேன், பொண்ணு மாப்ளக்கி பன்னீரு தெளிக்கற மாரி. "அத்த, கைய உள்ள வுடாதீங்க, தூரமா நின்னு தெளிங்க"ன்னு கத்தறா. தெளிச்சதும் சத்தம் நின்னுச்சி. ரவ நேரம். கீச்.

"கோணலு"ன்னா. அவ மூஞ்சில அன்னிக்கித்தான் மொதல் மொதலா ஒரு வெளிச்சம் வந்துச்சி.

வண்டிய நிறுத்திட்டு, நான் பூ கட்ற நூல வாங்கி, இஞ்சினு உருளைல ஒரு மொனைய நான் புடிச்சிகினு, இன்னொரு மொனைய அவ வெரப்பா இஸ்து டைனமோ உருள வரைக்கும் புடிச்சா. நூலு இஞ்சினு உருளைல ஒட்டுது, தண்ணி பம்பு உருளைல ஒட்டுது. டைனமோ உருளைல ஒட்டல. ஒரு தீக்குச்சி போற அளவுக்கு சந்து. டைனமோ மட்டும் அவ்ளோ உள்ளாரத் தள்ளி நிக்குது.

"அவன் மாட்டும்போது எதையோ வுட்டுட்டான்"ன்னா.

அப்பதான் கெயவரு, பல்லு பிரஸ்ஸ இன்னும் கையில வெச்சிகினு, மெதுவா சொன்னாரு. "அன்னிக்கி அந்தப் பையன் போனப்பறம் இங்க ஒண்ணு உருண்டு கெடந்துச்சி. வட்டமா. நடுவுல ஓட்ட."

"வாசரா மாமா?"

"பேரு தெரியாது. நல்ல இரும்பா இருந்துச்சி, எடுத்து வெச்சேன்."

"எங்க வெச்சீங்க?"

"அதான் நெனப்பு இல்ல."

அந்தாளு இரும்புப் பொட்டியக் கவுத்தோம். மாட்டு மணி கீது, கடையாணி கீது, லாடம் கீது, எனக்குத் தெரியாம ஒளிச்சி வெச்ச வெல்லம் கீது. வாசரு இல்ல. இன்னிக்கி வரைக்கும் அது கெடக்கல. மருமவ நேரத்த வீணாக்கல. தீக்குச்சியவே அளவுக்கு எடுத்துகினு லேத்து பட்டறைக்குப் போயி, அந்த கனத்துக்கு ஒரு வாசரு வாங்கியாந்தா. டைனமோ போல்ட்டுல சொருவி, இறுக்கி, நூலு புடிச்சிப் பாத்தோம். மூணு உருளைலயும் நூலு ஒட்டுச்சி. கட்ட வெரலால பெல்ட்ட அமுக்கிப் பாத்து, தளர்ச்சியும் இல்லாம வெரப்பும் இல்லாம வெச்சா.

சாவியத் திருப்புனா. இஞ்சினு ஓடுது. குஞ்சும் இல்ல, பன்னியும் இல்ல. எதுத்த வூட்டுக் குக்கரு விசிலு கேக்குது எனக்கு. அப்பவும் அவ நம்பல. லைட்டு, வைப்பரு, ஆரனு எல்லாத்தயும் ஒண்ணாப் போட்டு, டைனமோவுக்கு பாரம் ஏத்திப் பாத்தா. இஞ்சின ஒறும வுட்டுப் பாத்தா. தண்ணி தெளிச்சிப் பாத்தா. கம்முனு ஓடுது. அப்பதான் எறங்கி வந்து, "அத்த, சோறு கீதா"ன்னு கேட்டா.

வெள்ளிக்கெயம நானும் கூட ஏறிகினேன். கண்ணால பாக்காம நான் எதையும் நம்பறதில்ல. திருமுக்கூடல்ல களத்துல மூட்ட ஏறுச்சி. மேற்கால கருகருன்னு கட்டிகினு வருது. அவ ஒரு எடத்துலயும் பிரேக்கு மேல கால வைக்கல. நான் காத தீட்டிகினு குந்திகினு கீறேன், இப்ப கத்தும், இப்ப கத்தும்னு. ஏரிக்கர மேல பாரத்தோட ஏறுது. கத்தல. கர மேலேந்து எறங்குனப்பறம்தான் அவ மூச்சு வுட்டா.

மண்டி வாசல்ல வண்டி நின்னதே பாய்க்குத் தெரியல. உள்ள யாரு கிட்டயோ பேசிகினு இருந்தவரு திரும்பிப் பாத்து, "எப்பம்மா வந்த? சத்தமே கேக்கலியே"ன்னாரு. சொல்லி முடிக்கும்போதே அவருக்கே புரிஞ்சிடுச்சி. வந்து பானட்டு மேல கைய வெச்சி, இஞ்சின ஓட வுடச் சொல்லி, தலைய சாச்சிகினு கேட்டாரு. "அந்த வேற வண்டிக்கு நான் இன்னும் சொல்லலம்மா. இனிமே சொல்லவும் மாட்டேன். சீசனு முடியறவரைக்கும் நீயே ஏத்து"ன்னாரு. கடைசி மூட்ட உள்ள போவுது, மய புடிச்சிகிச்சி.

வூட்டுக்கு வந்ததும் மருமவ, கெயவரு கட்டிலுக்கு அடிலேந்து அந்த வெளக்கெண்ண பாட்டிலத் தானே எடுத்தாந்து அவரு கையில குடுத்தா. நான் நடுவுல போயி நின்னுகினேன். "மாமா, வண்டிக்குப் பின்னாடி டோரு கீலு நாலு கீது. கொக்கி ரெண்டு கீது. எல்லாம் துரு புடிச்சிக் கத்துது. நெதம் காலீல அதுக்கு எண்ண போடறது உங்க வேல. இஞ்சினு கிட்ட மட்டும் போவக் கூடாது"ன்னா. "பானட்டுக் கொக்கி?"ன்னு கேட்டாரு. "அதுக்கு நான் பூட்டு வாங்கிட்டேன் மாமா"ன்னா. இப்ப போயிப் பாரு, அந்த டோரு கீலெல்லாம் வெண்ண மாரி கீது.

அன்னிக்கி சாயங்காலமே தெருவுல நாலு பொம்பளைங்க வந்துட்டாங்க, உன்ன மாரி. எதுத்த வூட்டுக்காரிதான் மொதல்ல. "இன்னாக்கா, வண்டி ஊமையாயிடுச்சே, இன்னாதான் கோளாறு"ன்னு கேட்டா. கெயவரு பக்கத்துலதான் குந்திகினு வெத்தல மென்னுகினு இருந்தாரு. மெல்றத நிறுத்திட்டாரு.

"எலி"ன்னேன்.

"எலியா?"

"ஆமா, இஞ்சினுக்குள்ள பூந்துடுச்சி. நெதம் விடியக்காலம் வந்து பெல்ட்ட நோண்டிட்டுப் போவும். ரொம்ப வயசான எலி. மீச கூட நரைச்சிப் போச்சி. ட்ரம்முக்குப் பின்னாடி குந்திகினு நான்தான் புடிச்சேன்."

"அய்ய, அடிச்சிப் போட்டீங்களா?"

"எங்க அடிக்கறது. பாவமா கீது. வூட்லியே வெச்சி மூணு வேளயும் சோறு போட்டுகினுதான் கீறோம். வெத்தல கூட மெல்லுது"ன்னேன்.